ஓசெட்டிலிருந்து ரியால்ட்டோ வரை: கடல் வழிவிடும் நேரம் பார்த்து ஐந்து நாள் நடை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்கு 73 மைல் கடற்கரை இருக்கிறது. அதில் ஓசெட் ஏரிக்கும் ரியால்ட்டோ கடற்கரைக்கும் இடைப்பட்ட பகுதியில் சாலை கிடையாது, கடை கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது. ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் ஸ்ப்ரூஸும் சீடரும் அடர்ந்த மழைக்காடு. இரண்டுக்கும் நடுவே கூழாங்கல், பாறை, மணல், கரையொதுங்கிய ராட்சத மரங்கள். அதுதான் பாதை.

1950களில் இங்கே கடலோரமாக நெடுஞ்சாலை போட ஒரு திட்டம் இருந்தது. அதை எதிர்த்து 1958 ஆகஸ்டில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு இதே கரையில் மூன்று நாள் நடந்தார். சாலை வரவில்லை. இன்றைக்கும் நாம் நடந்துதான் போக வேண்டியிருக்கிறது என்றால் அந்த நடைக்கும் அதில் பங்குண்டு. எனக்கு அதில் பெரிய நன்றியுணர்வு உண்டு.

நான் கடலூர்ப் பக்கம் வளர்ந்தவன். கடல் எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் முதல் தடவை போனேன். நம் ஊர்க் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மீன்பிடிக்கப் போகிறவர்களைத் தவிர யாரும் அதைக் கவனிப்பதில்லை. இங்கே எட்டு ஒன்பது அடி சாதாரணம். காலையில் நீங்கள் நடந்துபோன அகலமான மணல்வெளி மதியம் இருக்காது. அலை நேராகப் பாறைச் சுவரில் மோதிக்கொண்டிருக்கும். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, கடலின் நேரத்துக்கு உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எப்போது போவது, அனுமதி எப்படி வாங்குவது

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முதல் பாதி. அவ்வளவுதான். அருகிலுள்ள ஃபோர்க்ஸ் ஊரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மி.மீ. மழை பெய்கிறது, அதாவது சென்னையைப் போல் இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கோடையிலும் தூறலும் மூடுபனியும் வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். கோடையில் போவதற்கு இன்னொரு காரணம், அப்போது ஆழமான வற்றங்கள் பெரும்பாலும் காலை நேரத்தில் வருகின்றன. குளிர்காலத்தில் அவை இருட்டில் வரும்.

இரவு தங்க ஒவ்வொரு குழுவுக்கும் வனப்பகுதி அனுமதிச்சீட்டு கட்டாயம். ரெக்ரியேஷன்.கவ் தளத்தில், எந்த இரவு எந்த இடம் என்று வரிசையாகக் குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கோடையில் ஓசெட் பகுதிக்குத் தினசரி ஒதுக்கீடு உண்டு. வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது.

பதிவு பண்ணுவதற்கு முன்னால் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். பலர் விடுமுறை நாளைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் அட்டவணையைத் திறக்கிறார்கள். வற்றம் காலை ஆறிலிருந்து பத்துக்குள் விழுகிற வாரத்தைத் தேடி எடுத்து, அதற்கேற்ப விடுப்பு கேளுங்கள்.

அட்டவணையை வாசிப்பது

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா வெளியிடும் அட்டவணையில் லா புஷ் என்ற நிலையத்தை எடுங்கள். நடையின் தென்முனைக்கு அதுதான் மிக அருகில். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் நேரமாற்றத்தைச் சேர்த்த கணக்கா என்று ஒரு தடவை சரிபாருங்கள். ஒரு மணி நேரம் பிசகினால் இங்கே அது பெரிய பிசகு.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. ஒரு வற்றம் நன்றாக இறங்கும், மற்றது பாதியில் நின்றுவிடும். தினமும் அதிகம் இறங்கும் அந்த வற்றத்தின் நீண்டகாலச் சராசரியைத்தான் பூஜ்ஜியம் என்று வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சில நாட்களில் -1.5 அடி என்றுகூடப் போட்டிருக்கும். அப்படிப்பட்ட நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து வரைபடம். பூங்காவின் வரைபடத்திலும், கஸ்டம் கரெக்ட் நிறுவனத்தின் வட ஒலிம்பிக் கடற்கரை வரைபடத்திலும், கடலுக்குள் நீண்டிருக்கும் சில பாறை முனைகளின் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். கடல்மட்டம் அந்த அடிக்குக் கீழே இருந்தால்தான் அந்த முனையைச் சுற்றிப் போக முடியும். சில முனைகளுக்கு மேலே காட்டுக்குள் மாற்றுப்பாதை உண்டு. சிலவற்றுக்குக் கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். காலை 8 மணிக்கு வற்றம் 0 அடி, பிற்பகல் 2 மணிக்கு ஏற்றம் 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. கடலோடிகள் பன்னிரண்டில் பங்கு போட்டுக் கணக்கிடுவார்கள்: ஆறு மணி நேரத்தில் முதல் மணிக்கு ஒரு பங்கு, அப்புறம் இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. ஆக 9 மணிக்கு முக்கால் அடிகூட இருக்காது. 10 மணிக்கு 2 அடி, 11 மணிக்கு 4 அடி, 12 மணிக்கு 6 அடி. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் நான்கடி ஏறிவிடும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இந்த நாளில் 4 அடி எண் போட்ட முனை 11 மணிக்கு மூடும். நான் 9 மணிக்கு முன்பே அதைக் கடந்து மறுபக்கம் நிற்கப் பார்ப்பேன். அட்டவணை சொல்வது அமைதியான கடலின் மட்டத்தை. காற்றும் புயலும் பெரிய அலைகளும் அதற்கு மேல் ஓரிரு அடியைச் சாதாரணமாகச் சேர்க்கும். எப்போதும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே முனைக்குள் நுழையுங்கள். நடுவில் ஒருவருக்குக் கால் பிசகினாலும் நேரம் உங்கள் பக்கம் இருக்கும்.

முதல் பயணத்தில், இந்தக் கரையில் உள்ள சாண்ட் பாயின்ட் என்ற இடத்துக்குத் தெற்கே ஒரு முனையில் நானும் நண்பரும் தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு நுழைந்தோம். இருபது நிமிடத்தில் தாண்டிவிடலாம் என்று பட்டது. உள்ளே போனால் எல்லாம் ஆளுயரப் பாறை, பாசி வழுக்கல். அரை மணி நேரத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. ஓர் அலை வந்து முழங்காலுக்கு மேல் நனைத்தது. நண்பரின் ஊன்றுகோல் போய்விட்டது. திரும்பிவிட்டோம். ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் ஈரக் காலுறையோடு ஏழு மணி நேரம் உட்கார்ந்தோம். எதிரே இருந்த பாறையில் கொட்டலசுகள் (பார்னக்கிள் எனப்படும் ஓட்டுயிர்கள்) வெள்ளைப் பட்டையாக ஒட்டியிருந்தன. அந்தப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் மறைந்ததையும், பின்னேரம் ஒரு விரற்கடை அளவுக்கு மறுபடி வெளியே வந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடலின் மட்டத்தைக் கண்ணால் படிக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இப்போதும் முனைக்கு வந்ததும் முதலில் ஒரு பாறையில் ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொண்டு பத்து நிமிடம் பார்ப்பேன். இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதை அந்த ஈரக்கோடு சொல்லிவிடும்.

கேனிஸ்டரும் அதற்குள் போகும் சாப்பாடும்

இந்தக் கரை முழுவதும் உணவை பியர் கேனிஸ்டர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பெயரில் கரடி இருந்தாலும் இங்கே தொந்தரவு ரக்கூன்தான். கூட்டமாக வரும், கூடாரத்தைக் கிழிக்கும், தண்ணீர்ப் பையைக்கூடக் கடிக்கும். ஒரு காலையில் எங்கள் டப்பாவின் மூடி முழுக்க ஈர மணலில் குழந்தைக் கை போன்ற தடங்கள். திருகித் திறக்கப் பார்த்திருக்கிறது. பற்பசை, சோப்பு, லிப் பாம், குப்பை, வாசனை வரும் எதுவும் உள்ளேதான் போக வேண்டும். இரவில் டப்பாவைக் கூடாரத்திலிருந்து தள்ளி, ஏற்றம் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இடம் குறைவு, ஆகவே சுருங்கிய சாப்பாடாக எடுங்கள். அவல் இதற்கென்றே செய்த மாதிரி. வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் தயார். புளிக்காய்ச்சலைக் கெட்டியாகக் காய்ச்சிச் சின்ன டப்பியில் எடுத்தால் ஐந்து நாளும் தாங்கும். அவலில் புளிக்காய்ச்சல் ஒரு வேளை, பருப்புப்பொடியும் நெய்யும் ஒரு வேளை, சத்துமாவுக் கஞ்சி காலைக்கு. நடக்கும்போது கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி. கேஸ் அடுப்பு ஒன்றும் சின்னப் பாத்திரம் ஒன்றும் போதும்.

தண்ணீர் ஓடைகளில் கிடைக்கும், ஆனால் பார்த்ததும் திகைப்பீர்கள்: கடுந்தேநீர் நிறம். காட்டு மண்ணிலும் இலைச்சருகிலும் ஊறிய டானின் அது, கெடுதல் இல்லை. வடிகட்டினாலும் நிறம் போகாது. நிறத்தைப் பார்த்து பயப்படாமல் கிருமிக்காக பயப்படுங்கள். எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வையுங்கள், அல்லது நல்ல வடிகட்டியில் விடுங்கள். அயோடின் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி அதற்கு மசியாது.

மற்ற சாமான்கள் பற்றிச் சுருக்கமாக: பருத்தித் துணி ஒன்றுகூட வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி அல்லது செயற்கை இழை, மழைச்சட்டை, மழைக்கால்சட்டை. ஈரப்பாறையில் பிடிக்கும் மென்மையான அடிப்பகுதியுள்ள காலணி, இரண்டு ஊன்றுகோல். கயிறு பிடித்து ஏற ஒரு ஜோடி கையுறை. அட்டவணையையும் வரைபடத்தையும் காகிதத்தில் அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், போன் நனையும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவுக்கு அவசியம். ஓசெட்டுக்கும் ரியால்ட்டோவுக்கும் சாலை வழி சுமார் ஒன்றரை மணி நேரம், எனவே நடையின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாகக் கார் நிறுத்துங்கள், அல்லது வாடகை வண்டிக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

முதல் நாள்: ஓசெட் – கேப் அலாவா

சியாட்டிலிலிருந்து ஓசெட்டுக்கு நான்கரை, ஐந்து மணி நேரப் பயணம், ஆகவே அன்றைக்கு 3.1 மைல் நடந்தால் போதும். ஓசெட் ஆற்றுப் பாலம் தாண்டியதும் பாதை பிரியும். வலதுபக்கம் போங்கள். பெரும்பகுதி காட்டுக்குள் போட்ட மரப்பலகைப் பாதை. மழையில் சோப்புப் போல வழுக்கும். இந்தக் கரையில் முதல் விழுகை பலருக்குக் கடலில் நடப்பதில்லை, இந்தப் பலகையில்தான். அடிகளைச் சிறிதாக வையுங்கள்.

கேப் அலாவாவில் காடு முடிந்து கடல் திறக்கும் இடத்தில் நின்று ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மகா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் கிராமம் இருந்தது, திமிங்கிலம் வேட்டையாடியவர்கள். சில நூறு ஆண்டுகளுக்கு முன் மண்சரிவு வந்து வீடுகளை அப்படியே மூடிவிட்டது. 1970இல் புயலலை கரையை அரித்தபோது அவை வெளியே தெரிந்தன. 1981 வரை நடந்த அகழாய்வில் 55,000க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. ஈரச் சேறு காற்றை அண்டவிடாததால் மரச்சாமானும் கூடையும் கயிறும்கூட மக்காமல் இருந்தன. அவற்றை நியா பே ஊரில் மகா மக்களே நடத்தும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நடைக்கு முந்தின நாள் அங்கே போய்விட்டு வந்தால் இந்தக் கரை வேறு மாதிரி தெரியும். கரையில் பழம்பொருள் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: யெல்லோ பேங்க்ஸ் வரை ஐந்து மைல்

தெற்கே ஒரு மைலில் வெட்டிங் ராக்ஸ். அவசரமாகப் போகிறவர்கள் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். பாறைகளின் முகத்தை நிதானமாகத் தேடுங்கள்: திமிங்கிலங்கள், முகங்கள், பாய்மரக் கப்பல் ஒன்று, எல்லாம் கல்லில் கொத்தியவை. காலை வெயில் சாய்வாக விழும்போது கோடுகள் நன்றாகத் தெரியும். தொடாதீர்கள், சாக்பீஸ் தடவாதீர்கள்.

இன்றைக்குத்தான் கால் பழகும். ஈரமான இறுகிய மணலில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மைல் போகலாம். உருளும் கூழாங்கல்லில் அதில் பாதி. பாசி படர்ந்த பெரும்பாறைகளில் மணிக்கு அரை மைல் என்று கணக்கு வையுங்கள். பச்சையும் பழுப்புமாகப் பளபளக்கும் இடத்தை மிதிக்காமல், கொட்டலசு ஒட்டிய சொரசொரப்பான இடத்தில் கால் வையுங்கள். அது பிடிக்கும். அதன் மேல் விழுந்தால் கிழிக்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கரையொதுங்கிய மரங்கள் சில பேருந்து நீளம் இருக்கும். அசையவே அசையாது என்று தோன்றும். அரை அடித் தண்ணீர் அடியில் புகுந்தால் மிதந்து உருளும், ஆளை நசுக்கிவிடும். ஏற்ற நேரத்தில் அவற்றின் மேலும் அவற்றுக்கும் கடலுக்கும் நடுவிலும் நிற்காதீர்கள். குழந்தைகளோடு போனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இரவு கூடாரம் போடும்போது முந்தின ஏற்றம் விட்டுப்போன பாசிக்கோட்டைத் தேடுங்கள். அதற்கு நன்றாக மேலே, அல்லது காட்டோரத்தில் ஏற்கெனவே பழகிய இடத்தில் போடுங்கள். இரவு ஏற்றம் பகல் ஏற்றத்தைவிட உயரமாக இருக்கலாம். அட்டவணையில் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். வெட்டிங் ராக்ஸிலிருந்து யெல்லோ பேங்க்ஸ் வரை தீ மூட்டத் தடை. மற்ற இடங்களில் கரையொதுங்கிய விறகை மட்டும், ஏற்றக்கோட்டுக்குக் கீழே மூட்டலாம். கடலே சாம்பலைக் கழுவிவிடும். சில இடங்களில் குழிக் கழிப்பறை உண்டு. இல்லாத இடத்தில் ஓடையிலிருந்து 200 அடி தள்ளி, அரையடிக்குக் குறையாமல் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

மூன்றாம், நான்காம் நாள்

யெல்லோ பேங்க்ஸுக்குத் தெற்கே முனைகள் நெருங்கி வரும். மரத்தில் கறுப்பும் சிவப்புமாக வட்டப் பலகை மாட்டியிருந்தால் அங்கிருந்து காட்டுவழி ஏறுகிறது என்று பொருள். செங்குத்தான மண்சரிவில் கயிறு தொங்கும். முதலில் உடல் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். நைந்திருந்தால் தொடாதீர்கள். ஒருவர் மேலே போய்ச் சேர்ந்து குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும்; கீழே நிற்பவர் தள்ளி நிற்க வேண்டும், கல் உருளும்.

மூன்றாம் இரவுக்கு நார்வேஜியன் மெமோரியல், அல்லது சீடர் கிரீக். 1903 ஜனவரியில் பிரின்ஸ் ஆர்தர் என்ற நார்வே நாட்டுக் கப்பல் இங்கே உடைந்து 18 பேர் இறந்தார்கள். காட்டோரத்தில் அவர்களுக்கு ஒரு கல் நிற்கிறது. அலை ஓசைக்கு நடுவே அதன் முன்னால் போய் நின்றால் பேச்சு தானாக நின்றுவிடும்.

நான்காம் நாள் இந்த நடையிலேயே கடினமானது, ஆறேழு மைல். வழியில் கேப் ஜான்சன் முனை. இதற்குக் காட்டுவழி கிடையாது. மட்டம் 4 அடிக்கு மேல் இருந்தால் நான் காலெடுத்து வைக்கமாட்டேன். அதுவும் இறங்குகிற 4 அடியாக இருக்க வேண்டும். மொத்தப் பயணத்தின் தேதியையே இந்த முனையை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். விடியும் முன் எழுந்து, வெந்நீர்கூடப் போடாமல் கிளம்பினாலும் சரி. தாண்டியதும் வரும் வளைவில் சிலியன் மெமோரியல். 1920இல் டபிள்யூ. ஜே. பிர்ரி கப்பலோடு போனவர்களின் நினைவிடம். கூடாரத்தை அங்கே போட்டுவிட்டு மதியம் முழுக்கத் தூங்குங்கள், கால் கேட்கும்.

நிலம் ஆடினால்

இந்தக் கரைக்கு வெளியே கடலடியில் கேஸ்கேடியா பிளவு ஓடுகிறது. 1700 ஜனவரி 26 அன்று அது ஏறத்தாழ 9 அளவில் அதிர்ந்தபோது எழுந்த சுனாமி ஜப்பான் வரை போய் அங்கே பதிவாகியிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊர்க்காரனாக இதைச் சொல்கிறேன்: நீளமாக நிலம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ பையையும் கூடாரத்தையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். முதல் அலை வர அரை மணி நேரம்கூட ஆகாமல் போகலாம். அதோடு ஓயாது, பல மணி நேரம் திரும்பத் திரும்ப வரும், இறங்கி வராதீர்கள். ஒவ்வொரு மாலையும் கூடாரம் போட்டதும் எந்த வழியில் ஏறுவோம் என்று எல்லோருமாக ஒரு தடவை நடந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஐந்தாம் நாள்: ரியால்ட்டோ

மூன்றே முக்கால் மைல்தான். வற்ற நேரத்துக்குச் சரியாகப் போனால் ஹோல் இன் தி வால் என்ற பாறை வாசலுக்குள்ளேயே நடந்து போகலாம். ஏற்றமாக இருந்தால் மேலே செங்குத்தான காட்டுவழி உண்டு. வாசலைச் சுற்றியுள்ள பாறைக்குட்டைகளில் ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள், தொட்டால் சுருங்கும் பச்சைக் கடற்சாமந்திகள். மண்டியிட்டுப் பாருங்கள், ஆனால் உயிருள்ள எதையும் மிதிக்காமல் வெற்றுப்பாறையில் கால் வைத்து நகருங்கள். கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

அங்கிருந்து ஒன்றரை மைலில் கார் நிறுத்துமிடம். வழியில் எதிரே பகல் நேரச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். வாசல் திறந்திருக்கிறதா என்று உங்களைக் கேட்பார்கள். மணியைப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.